எட்வர்டு கிரேயின் தூண்டிற் பருவங்கள்

ஆங்கில உரைநடையில் தூண்டில் நூல்களுக்கெனத் தனியொரு மரபு உண்டு. மீன்பிடித்தல் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவன நெய்தல் நிலமும் வலையும் திமிலும் ஆகும். அது உயிர் வாழ்க்கைக்குரிய தொழில். அகநானூற்றின் 36ஆம் பாட்டில், இரையோடு முள்ளையும் விழுங்கிய வராலை இழுக்க மாட்டாமல் நிற்கும் தூண்டில் வேட்டுவன் ஒருவன் வருகிறான். ஆயினும் ஆம்பல் இலையைக் கிழித்துக் குவளையைச் சிதைத்துக் குளத்தைக் கலக்கும் அந்த மீனே புலவர் கண்ணை நிறைத்தது. கரையில் நின்றவன் என்ன நினைத்தான் என்பதைப் பாட்டு கேட்கவில்லை. இங்கிலாந்திலோ கரையில் நின்றவனே எழுத்தாளனாகிவிட்டான். குருமாரும் வணிகரும் வழக்கறிஞரும் பிழைப்புக்காக அன்றி உவப்புக்காக ஆற்றோரம் நின்றனர். நின்றபோது கண்டதையும் எண்ணியதையும் ஐந்து நூற்றாண்டுகளாக எழுதி வைத்தனர்.

அவர்களுள் ஒருவர் எட்வர்டு கிரே. 1905 டிசம்பர் முதல் 1916 டிசம்பர் வரை பிரித்தானியப் பேரரசின் அயலுறவு அமைச்சர். அப்பதவியை இடையறாமல் அவ்வளவு காலம் வகித்தவர் வேறெவரும் இலர். 1914இல் தம் நாட்டைப் போருக்குள் இட்டுச் சென்ற அமைச்சரும் அவரே. வரலாற்றாசிரியர் அவரைப் பெரும்பாலும் அந்த ஓர் ஆண்டைக் கொண்டே அளக்கின்றனர். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னர், 1899இல், அவர் 'ஃபிளை ஃபிஷிங்' என்னும் சிறுநூலொன்றை வெளியிட்டிருந்தார். பெயரளவில் அது தூண்டிற்கலை பற்றிய நூல். உள்ளே புகுந்தால் ஆண்டின் பருவங்கள் ஒரு மனிதனுக்குள் எவ்வாறு புரளுகின்றன என்பதே அதன் பொருள் என்பது விளங்கும்.

'ஃபிளை' என்றது இங்கு உயிருள்ள ஈயை அன்று. இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு, முள்ளை மறைத்துக் கட்டப்படும் பொய்ப்பூச்சியை அது குறிக்கும். இக்கலையின் தொன்மை வியப்புக்குரியது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய நூலாசிரியர், மாசிடோனியாவில் ஆற்று மீன் பிடிப்போர் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகிரண்டைப் பொருத்தி மீனை ஏமாற்றியதைக் குறித்துள்ளார். ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் தூண்டில் நூல் 1496இல் விங்கின் டி வோர்டு என்பாரின் அச்சகத்திலிருந்து வந்தது. ஜூலியானா பெர்னர்சு என்னும் பெண் துறவி அதனை இயற்றினார் என்பது மரபு வழிச் செய்தி. ஆய்வாளர் பலர் அதனை ஐயுறுவர். ஆசிரியர் யாராயினும் ஆகுக. அந்நூலிலுள்ள ஒன்று ஈண்டு கருதத்தக்கது. பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளை அது கூறுகிறது. அவற்றை மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை இன்ன மாதத்திற்கு இன்ன பூச்சி என வரிசைப்படுத்துகிறது. ஆற்றங்கரைக்கென ஒரு பஞ்சாங்கம் அன்றே தோன்றிவிட்டது. தூண்டில் எழுத்து தொடக்கத்திலேயே பருவ எழுத்தாக இருந்தமைக்கு இது சான்று.

1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்கிளர்' உலகறிந்தது. முடியாட்சியின்பால் பற்றுடைய அவ்வணிகர், மன்னன் தலை வெட்டுண்ட நான்கே ஆண்டுகளுக்குப் பின், நாடு பிளவுண்டு கிடந்த காலத்தில், புல்வெளியும் பால்காரிப் பெண்ணின் பாட்டும் நிறைந்த அந்நூலை எழுதினார். ஆனால் வால்டன் புழுவும் வெட்டுக்கிளியும் கோத்த தூண்டிலுக்கே உரியவர். பூச்சித் தூண்டிலின் நுட்பங்களை அவர்தம் இளைய நண்பர் சார்லசு காட்டன் எழுத, அது 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டாம் பகுதியாகச் சேர்ந்தது. வால்டன் 1683இல் வின்செசுடர் நகரில் மறைந்து அந்நகரப் பேராலயத்தில் அடக்கமானார். அவர் கல்லறைக்குமேல் உள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரம், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள தூண்டிற்காரர் அளித்த பொருளால் அமைந்தது, 1914இல் நிறுவப்பட்டது. அந்த ஆண்டைப் பின்னரும் நினைவுகூர நேரும்.

வின்செசுடரின் அருகே ஓடும் ஆறு இட்சன். அது ஆம்ப்ஷயர் மாவட்டத்துச் சுண்ணக்கல் குன்றுகளிலிருந்து பிறக்கிறது. மழைநீர் அக்கல்லின் நுண்துளைகளில் ஊறி, மாதக்கணக்கில் நிலத்தடியில் தங்கி, ஊற்றுகளாக வெளிவருகிறது. ஆகையால் வெள்ளம் பெருகி ஆறு கலங்குவது அரிது; கோடையில் வற்றுவதும் அரிது. ஊற்று நீரின் வெம்மை ஆண்டு முழுதும் ஏறத்தாழ 10, 11 பாகை அளவிலேயே நிற்கும். நீர் பளிங்கு போன்றது. அடியிலுள்ள கூழாங்கல்லையும், பாசியின் அசைவையும், அதனிடையே எதிர்நீரில் நிலைத்து நிற்கும் டிரௌட் மீனையும் கரையிலிருந்தே காணலாம். நாம் மீனைக் காணின் மீனும் நம்மைக் காணும். இக்கலையின் துன்பமும் இன்பமும் அதிலேதான் உள்ளன.

அந்நீரில் ஒருநாட்பூச்சி எனத்தகும் பூச்சியினம் வாழ்கிறது. அதன் இளவுயிர் நீரடியில் மாதக்கணக்கில், சிலவகை ஈராண்டு வரையிலும், மறைந்து வளரும். பின்னர் ஒருநாள் நீர்ப்பரப்புக்கு ஏறி, தோலுரித்து, இறகு விரித்துச் சற்று நேரம் நீரோடு மிதந்து செல்லும். அது பறந்து மரத்தடைந்து மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். இறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் உலகில் இது ஒன்றே. முதிர்ந்த பூச்சி உண்பதில்லை. அதன் வாய் உண்ணப் பயன்படாதது. கூடிப் பறந்து, முட்டையை நீரில் இட்டு, இறகு பரப்பி ஆற்றின்மேல் வீழ்ந்து மடியும். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி மடியும் ஈசலைக் கண்ட தமிழ்க் கவிஞர்க்கு இக்காட்சி அயலானதன்று. இனம் மட்டுமே வேறு. மிதக்கும் அப்பூச்சியை உண்ண மீன் வாய் நீட்டும்போது நீரில் ஒரு வளையம் விரியும். தூண்டிற்காரன் காத்திருப்பது அவ்வளையத்திற்கே.

உலர்பூச்சி முறை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆம்ப்ஷயர் ஆறுகளில் செப்பமடைந்தது. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். எனவே அதன் பின்புறமாக, கீழ்நீரில் மண்டியிட்டு, அதற்குச் சிறிது மேலே பொய்ப்பூச்சியை இறக்க வேண்டும். பூச்சி நீரில் அமிழாமல், இறகு நிமிர்ந்து, இயற்கைப் பூச்சி மிதக்கும் அதே விரைவில் மிதந்து வர வேண்டும். கயிறு ஒருசிறிது இழுத்தாலும் பூச்சி நீரைக் கீறிச் செல்லும், மீன் மறைந்துவிடும். பிரெடெரிக் ஆல்போர்டு என்பார் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்கள் இம்முறைக்கு இலக்கணம் ஆயின. இலக்கணம் வகுத்தவர்க்குப் பின்வந்தோர் அதனை வேதமாக்கிவிடுவது எங்கும் உள்ளதே. மீன் எழுந்து உண்ணாதபோது தூண்டில் எறிவதே இழிவு என்னுமளவுக்கு ஆல்போர்டு வழியினர் சென்றனர். நீருக்குள் ஏறிவரும் இளவுயிரைப்போல் பூச்சி கட்டிப் பிடிக்கலாம் என இசுகூசு என்பார் 1910இல் எழுதியபோது மூண்ட பூசல், 1938இல் இலண்டனின் தூண்டிற்காரர் மன்றத்தில் சொற்போராக நடந்தது. மரபுக் கவிதை, புதுக்கவிதைப் பூசல்களைக் கண்டவர்க்கு இதன் சுவை தனியே கூறாமலே விளங்கும்.

கிரே இப்பூசலில் எப்பக்கமும் சாயவில்லை. உலர்பூச்சியே அவர் உள்ளம் கவர்ந்தது. ஆயினும் வடபுலத்துக் கலங்கல் ஆறுகளில் அமிழ்பூச்சி முறைக்குரிய சிறப்பையும் தம் நூலில் தனி இயலாக மதித்து எழுதினார். அதற்குக் காரணம் அவர்தம் இளமையில் உள்ளது. 1862இல் பிறந்த அவர், நார்தம்பர்லாந்திலுள்ள ஃபாலோடன் என்னும் குடும்ப இல்லத்தில் வளர்ந்தார். அங்கேயுள்ள ஓர் ஓடையில், புழு கோத்த முள்ளால் சிறுமீன் பிடித்தே கலையைத் தொடங்கினார். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்தார். 1876இல் வின்செசுடர் பள்ளியில் சேர்ந்தபோது இட்சனின் தெளிநீரைக் கண்டார். ஓடையில் கற்றது அங்கே பயன்படவில்லை. பாட இடைவேளைகளில் ஓடிச் சென்று எறிந்தும் மீன் கிட்டாத நாள்களே மிகுதி. அத்தோல்விகளை அவர் நாற்பதை நெருங்கும் வயதில் நினைந்து எழுதிய பகுதி, நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. பல்கலைக்கழகத்தில் அவர் நல்ல மாணவர் அல்லர். 1884இல் சோம்பலுக்காக ஆக்சுபோர்டின் பேலியால் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே பல்கலைக்கழகம் 1928இல் அவரை வேந்தராகத் தேர்ந்தெடுத்தது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

1885இல் இருவேறு நிகழ்ச்சிகள்: டாரதி விட்ரிங்டனை மணந்தார், நாடாளுமன்ற உறுப்பினரானார். முன்னது அவர் விரும்பியது. பின்னது அவரைப் பற்றிக்கொண்டது எனலாம். டாரதியும் நகரை வெறுத்தவர். இருவரும் 1890இல் இட்சன் அபாசு என்னும் ஊரில், ஆற்றை ஒட்டி, எளியதொரு குடிலை அமைத்துக்கொண்டனர். வெள்ளி, சனிக்கிழமைகளில் இலண்டனை விட்டு அங்கே செல்வதும் திங்களன்று மீள்வதும் வழக்கமாயின. 1894 முதல் 1905 வரை அக்குடிலில் ஒரு குறிப்பேடு இருந்தது. எந்த நாளில் எந்தப் பறவை பாடிற்று, எந்தப் பூ மலர்ந்தது என்பவற்றைக் கணவனும் மனைவியும் அதில் மாறி மாறி எழுதினர். இயற்கை எழுத்தாளர் அட்சன் 1900இல் அக்குடிலில் தங்கினார். 1903இல் வெளிவந்த தம் 'ஆம்ப்ஷயர் டேசு' என்னும் நூலைக் கிரே இணையர்க்கே உரிமையாக்கினார்.

இனி, நூல் காட்டும் பருவங்களுக்கு வருவோம். தமிழ் மரபில் பெரும்பொழுது ஆறு. ஒவ்வொன்றும் ஓர் உரிப்பொருளுக்கு இடம் தருவது. கிரேயின் ஆண்டும் ஏறத்தாழ அவ்வாறே உணர்வால் பகுக்கப்பட்டது. பருவத்தொடக்கத்து ஆற்றங்கரையில் மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. காற்றில் குளிர் உண்டு. நண்பகலில் ஓரிரு மணி நேரமே பூச்சி எழும். அவ்விரு மணிக்காகக் காலை முழுதும் காத்திருக்க வேண்டும். மே, சூன் திங்கள்களே அவருக்கு உச்சம். அப்போதுதான் நாடாளுமன்றமும் மும்முரமாக நடக்கும். இலண்டனின் கற்சுவர்கள் வெம்மையை உமிழ, அவை நடவடிக்கைகள் நள்ளிரவு வரை நீள, புல்வெளியை நினைந்து வெதும்பும் மனத்தை அவர் எழுதுகிறார். சனிக்கிழமை விடியற்காலை முதல் இரயிலைப் பிடிப்பதும், காலையுணவு நேரத்தில் ஆம்ப்ஷயர் வயல்களிடையே நடப்பதும் விடுதலை பெற்றவன் கூற்றாகவே அமைகின்றன. பிரிவும் கூடலும் ஆகிய உரிப்பொருள்களை ஆற்றின்மேல் ஏற்றிப் பாடினாற்போன்ற பகுதி இது.

சூலை, ஆகஸ்டில் பகல் மீனற்றுப் போகும். கதிரவன் சாய்ந்தபின் ஓர் அரைமணிப் பொழுது ஆறு முழுதும் வளையங்களாகும். அந்த மாலை வேளை, தூண்டிற்காரர் அனைவரும் ஏங்குவது; பெரும்பாலும் ஏமாற்றுவது. ஒளி குன்றும், பூச்சி கண்ணுக்குத் தெரியாது, விரல்கள் பதறும், முடிச்சு விழும். காலை நேரத்து அமைதி அப்போது கிரேயிடம் இல்லை. அதை மறைக்காமல் எழுதுவது அவர்தம் நேர்மை. அவை கலைந்ததும் வடக்கே ஸ்காட்லாந்து. கடலிலிருந்து சிற்றாறுகளுக்கு ஏறிவரும் கடல் டிரௌட், மழைக்குப் பின் பெருகும் நீர், ஆளற்ற மேட்டு நிலம். இங்கே நுட்பம் குறைவு, வீறு மிகுதி.

பின்னர் சால்மன். அம்மீன் முட்டையிட ஆற்றுக்கு ஏறியபின் இரை கொள்வதில்லை. இரை கொள்ளாத மீன் பொய்ப்பூச்சியை ஏன் கவ்வ வேண்டும் என்பது தீராத வினா. பசியை அறிந்து ஏமாற்றுவது டிரௌட் கலை. ஏனென்றே தெரியாத ஒன்றை எதிர்பார்த்து ஆயிரம் முறை எறிவது சால்மன் கலை. கார்காலம் முடிந்தபின் சில திங்கள் கிரேயின் மனம் தூண்டிலை மறந்து கிடக்கும். புத்தாண்டு பிறந்ததும் வேட்கை மீளும். மார்ச்சுக்கு முன் செல்ல முடியாத ஆறுகளின் மடுக்களை, உறக்கம் வராத இரவுகளில் படுக்கையிலேயே ஒவ்வொன்றாக எறிந்து பார்க்கும் மனநிலையை அவர் வரைகிறார். வராத தலைவனை நினைந்து வழிபார்க்கும் முல்லைப் பாட்டுகளில் காலம் நகர்வதைப்போலவே அப்பகுதியில் காலம் நகர்கிறது.

சால்மனுக்குரிய பொய்ப்பூச்சிகள் எந்தப் பூச்சியையும் போன்றன அல்ல, அவை அணிகலன்கள். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய 'ஜாக் ஸ்காட்' என்னும் பூச்சியில் இருபுறமும் பளபளக்கும் புள்ளியிறகொன்று வைக்கப்படும். அது நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. தென்னிந்தியக் காடுகளிலிருந்து அச்சேவல்களின் தோல்கள் இந்த ஒரு தேவைக்காகவே கப்பலேறின. 1967இல் இந்திய அரசு அவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. நார்தம்பர்லாந்தின் தூண்டிற்காரன் சட்டைப்பையில் நீலகிரிக் காட்டின் ஒரு துணுக்கு இருந்தது என்பதைத் தூண்டிற்கலை வரலாறுகள் போகிறபோக்கிலேயே கூறுகின்றன. நீலகிரிக்கு ஆங்கிலேயர் திருப்பித் தந்தது டிரௌட் மீன். 1860களில் பிரான்சிசு டே என்னும் மருத்துவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தபின்னரே அம்மீன் அம்மலையில் நிலைத்தது.

இங்கே ஒரு தடை எழும். பறவையின் குரலுக்கு உருகுபவர் மீனின் வாயில் முள்ளேற்றி மகிழ்வது எவ்வாறு? கொல்லாமை அதிகாரத்தை மனப்பாடமாகக் கற்ற தமிழ் வாசகர்க்கு இவ்வினா தவிர்க்க இயலாதது. ஆங்கிலேயர்க்கும் இது புதிதன்று. வால்டனின் மென்மையை நம்பாமல் பைரன் கடுஞ்சொற்களால் சாடியுள்ளார். கிரேயின் நூல் இதற்குத் தக்க விடை தரவில்லை என்றே கூற வேண்டும். உணவுக்குரிய மீனையே பிடித்தார், அளவோடு பிடித்தார் என்பன உண்மைகளே, விடைகள் அல்ல. தூண்டில் கையில் இல்லாவிடின் விடியல் முதல் அந்தி வரை ஒரே வளைவில் ஓடும் ஆற்றைப் பார்த்து நிற்க அவரால் இயன்றிருக்குமா என்பதும் எண்ணத்தக்கது. வேட்டை தந்த கூர்ங்கண்ணே அவர் உரைநடையைத் தந்தது. இம்முரண் தீராமலே நூலில் நிற்கிறது.

அரசியல் அவரைத் தூண்டிலோடு சேர்த்தே இழுத்தது. 1905 செப்டம்பரில், ஸ்காட்லாந்தில் ரெலூகாசு என்னுமிடத்தில் கிரே மீன்பிடிக்கத் தங்கியிருந்த இல்லத்திலேயே, அவரும் ஆசுகுவித்தும் ஆல்டேனும் வரவிருந்த லிபரல் அரசில் தத்தம் இடங்களைப் பற்றி உடன்பாடு செய்துகொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் அயலுறவு அமைச்சரானார். இரண்டே மாதத்தில், 1906 பிப்ரவரியில், ஃபாலோடன் அருகே வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு டாரதி நினைவிழந்து, சில நாள்களில் மறைந்தார். கிரே அலுவலகத்திற்குத் திரும்பினார். இட்சன் குடிலுக்கும் திரும்பினார். அங்கிருந்த குறிப்பேட்டை 1909இல், நண்பர்க்கு மட்டுமென, அச்சிட்டார். அதன் பக்கங்கள் 1905உடன் நின்றுபோனமைக்கு விளக்கம் தேவையில்லை.

1910 சூன் 9ஆம் நாள் நிகழ்ந்ததொன்று இங்கே குறிக்கத்தக்கது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட், ஆங்கிலப் பறவைகளின் பாடலைக் கேட்க விரும்பினார். கிரே அவரை இட்சன் பள்ளத்தாக்கிலும், பின்னர் நியூ ஃபாரெஸ்டிலும் நடத்திச் சென்றார். வெள்ளம் மூடிய பாதையில் முழங்கால் நீரில் இருவரும் நடந்தனர். ஏறத்தாழ இருபது மணி நேரம் உலகுக்கு அவர்கள் இருக்குமிடம் தெரியாது. இதைக் கிரே 1919இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பற்றிய சொற்பொழிவில் விரித்துரைத்தார். பேரரசுகளின் அலுவல் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடிய காலம் அது.

நான்கு ஆண்டுகளில் அக்காலம் முடிந்தது. 1914 சூலை 23இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. 25ஆம் நாள், சனிக்கிழமை, கிரே வழக்கம்போல் இட்சன் அபாசு சென்றார். நெருக்கடியின் நடுவே அமைச்சர் மீன்பிடிக்கப் போனார் என்பது அன்று முதல் அவர்மேல் சாற்றப்படும் குற்றம். குற்றம் அவ்வடிவில் முழுதும் செல்லாது. மறுநாள் இலண்டனிலிருந்து நிக்கல்சன் அனுப்பிய நான்கு வல்லரசு மாநாட்டுத் திட்டத்திற்கு அக்குடிலிலிருந்தே தந்தி வழி ஒப்புதல் தந்தார். திங்களன்று அலுவலகத்தில் இருந்தார். மாநாட்டை மறுத்தது பெர்லின். கிரே இலண்டனில் தங்கியிருப்பினும் அம்மறுப்பு மாறியிராது.

எனினும் குற்றத்தின் வேர் வேறிடத்தில் உள்ளது. இட்சன் ஆற்றின் ஒவ்வொரு முழத்தையும் அறிந்த அவ்வமைச்சர், பெர்லினையும் வியன்னாவையும் கண்டறியாதவர். பதவியேற்று எட்டாண்டுகள் கழித்து, 1914 ஏப்ரலில் மன்னருடன் பாரிசு சென்றதே அவரது முதல் அரசுமுறை அயல்நாட்டுப் பயணம். விடுமுறை ஒவ்வொன்றும் ஆற்றுக்கே சென்றது. அசையாமல் நின்று, பொறுத்து, உரிய கணத்தில் ஒரே ஒரு வீச்சு என்னும் பழக்கம் தெளிநீரில் பயன்தரும். ஐரோப்பாவின் நீர் அப்போது தெளிவாக இல்லை. இங்கிலாந்து எப்பக்கம் நிற்கும் என்பதை முன்கூட்டித் தெளிவாக உரைத்திருந்தால் செருமனி தயங்கியிருக்கும் என்பாரும், உரைத்திருந்தால் அமைச்சரவையே உடைந்திருக்கும் என்பாரும் இன்றும் வாதிடுகின்றனர். பின்னதே வலிமையுடையது, ஆயினும் முன்னதைக் கிரேயின் அன்பர்களும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆகஸ்டு 3ஆம் நாள் அவையில் அவர் நிகழ்த்திய உரை நாட்டைப் போருக்கு ஆயத்தமாக்கிற்று. அன்று மாலை, அலுவலகச் சாளரத்தின் கீழே தெருவிளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்து, ஐரோப்பாவின் விளக்குகள் அவிந்துவருவதாகவும் தம் வாழ்நாளில் அவை மீண்டும் எரியக் காணப்போவதில்லை என்றும் அவர் நண்பரிடம் கூறியது உலகெங்கும் எடுத்தாளப்படும் வாசகம்.

அதனைக் கூறியபோது அவர் கண்ணொளியும் அவியத் தொடங்கியிருந்தது என்பதைப் பலர் அறியார். அவ்வாண்டிலேயே மருத்துவர்கள், படிக்கும் ஆற்றல் போய்விடும் எனவும் நீண்ட ஓய்வு வேண்டும் எனவும் எச்சரித்தனர். போர் வந்தபின் ஓய்வேது? 1916இல் பதவி விலகியபோது பார்வையின் பெரும்பகுதி போயிருந்தது. 1917இல் ஃபாலோடன் இல்லம் தீக்கிரையாயிற்று. 1923இல் இட்சன் குடிலும் எரிந்தது. 1911இல் ஒரு தம்பியைச் சிங்கம் கொன்றது, 1928இல் மற்றொருவரைக் காட்டெருமை கொன்றது, இரண்டும் ஆப்பிரிக்காவில். 1922இல் அவர் மணந்த பமேலாவும் 1928இல் மறைந்தார். இழப்புகளை இவ்வாறு அடுக்கிச் சொல்வது நாடகமாகத் தோன்றும். கிரே தம் எழுத்தில் அவற்றை அடுக்கவில்லை.

அவர் செய்தது புலனை மாற்றிக்கொண்டதே. மிதக்கும் பூச்சியைக் கண்டாலன்றி உலர்பூச்சி முறை இயலாது. நீரில் விரியும் வளையத்தைக் காணாதவர்க்கு இட்சனில் வேலையில்லை. அதை அவர் விட்டார். பிரெய்ல் எழுத்தைக் கற்றார். வேர்ட்ஸ்வொர்த்தின் நெடும்பாட்டான 'பிரிலூட்' அவர் வாழ்நாள் முழுதும் உடன்வந்த நூல். 1927இல் 'தி சார்ம் ஆஃப் பேர்ட்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். சனவரி முதல் ஆண்டு முழுதும் எந்தப் பறவை எப்போது பாடுகிறது என்பதே அதன் வைப்புமுறை. இட்சன் குடிலின் குறிப்பேட்டில் கண்ணும் செவியும் சேர்ந்து எழுதியதை, இதில் பெரிதும் செவி எழுதிற்று. தூண்டில் நூலைக் காட்டிலும் இதனை மக்கள் மிகுதியாகப் படித்தனர். உரைநடையிலும் இதுவே முதிர்ந்தது. ஆயினும் முன்னதன் இளமைத் துடிப்பு இதில் இல்லை.

சால்மன் மட்டும் எஞ்சியது. அமிழ்பூச்சி கண்ணுக்குத் தெரியாமலே நீருக்குள் செல்வது. மீன் கவ்வுவதைக் கை அறியும். கோலின் அசைவும், கயிற்றின் பாரமும், தொடையில் மோதும் நீரின் விரைவும் மடுவின் வடிவத்தை உரைக்கும். 1930இல் தூண்டில் நூலின் விரிவாக்கிய பதிப்பு வந்தபோது, வசந்த காலச் சால்மன் பற்றிய நினைவுகளைப் புதிய இயலாகச் சேர்த்தார். முப்பத்தொரு ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இருவேறு குரல்கள் ஒரே அட்டைக்குள் அமைந்தன. இளைஞன் எழுதிய இயல்களை முதியவர் திருத்தி மங்கச் செய்யாமல் விட்டது நன்று.

இறுதி ஆண்டுகளை அவர் மீண்டும் கட்டிய ஃபாலோடன் இல்லத்தில் கழித்தார். 1884 முதல் அங்கே நீர்ப்பறவைகளை வளர்த்து வந்தார்; மாலையில் வாத்துகள் அவர் குரல் கேட்டுச் சூழ்ந்துகொள்ளும். தலைத்தொப்பியில் ராபின் குருவி அமர்ந்திருக்க அவர் அமைதியாக வீற்றிருக்கும் நிழற்படம் பலரும் அறிந்தது. குளிர்காலத்தில் அத்தோட்டத்து ராபின்களைப் பழக்க அவர் கையாண்ட முறையைப் பறவை நூலில் எழுதியுள்ளார்: புழுவைத் திறந்த உள்ளங்கையில் வைத்து, கையைத் தரையோடு தாழ்த்தி, குருவி வரும்வரை அசையாதிருத்தல். 1933 செப்டம்பர் 7ஆம் நாள் அவர் அங்கேயே மறைந்தார். சிறுவனாகப் புழுத் தூண்டிலோடு நின்ற ஓடை அத்தோட்டத்திற்கு அருகில்தான் ஓடிற்று.